சின்ன முஸ்லிம் தீவில் ஹலால் சுற்றுலா: முதலில் பெண்களுக்கு ஒரு கடற்கரை

கேள்வி இதுதான்: ஆயிரம் பேர் அளவில் வாழும் முஸ்லிம் தீவு ஒன்று ஹலால் சுற்றுலாவை, அதாவது இஸ்லாமிய நெறிக்கு ஒத்த சுற்றுலாவை, தொடங்க நினைத்தால் எங்கிருந்து தொடங்க வேண்டும்? ஊரின் ஒழுங்கு கெடாமல், வருமானம் ஊர்க்காரர்கள் கைக்கே வரும்படி நடத்த முடியுமா?

முடியும். ஆனால் பலர் தொடங்கும் இடத்தில் தொடங்கினால் முடியாது. ஹலால் சான்றிதழ், லோகோ, அறைக்கூரையில் தொழுகைத் திசையான கிப்லாவைக் காட்டும் அம்புக்குறி, மேசையில் ஒரு தொழுகை விரிப்பு என்று பட்டியல் போடுவார்கள். முஸ்லிம் தீவில் இதில் பாதி ஏற்கெனவே இருக்கிறது, மீதியை ஒரே வாரத்தில் செய்துவிடலாம். வேறு இரண்டு விஷயங்கள்தான் கடினமானவை. வருகிற முஸ்லிம் குடும்பத்தின் பெண்கள் கடலில் நிம்மதியாக இறங்க ஓர் இடம் வேண்டும். அப்புறம், எத்தனை பேரை, எந்த நிபந்தனையில் வரவேற்பது என்ற முடிவு ஊரின் கையில் இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் ஹலால் என்ற பெயரை மட்டும் வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

மாலத்தீவை வைத்தே விளக்குகிறேன். முழுக்க முஸ்லிம் குடிமக்கள் கொண்ட நாடு, சின்னஞ்சிறு தீவுகள், உலகமே அறிந்த சுற்றுலா. ஆனாலும் அந்த நாட்டின் சுற்றுலா நீண்ட காலம் ஊர்மக்களைத் தொடாமலே நடந்தது. 1972-இல் தலைநகர் மாலேவுக்குப் பக்கத்தில் குரும்பா ரிசார்ட் திறந்தது. அதன் பிறகு ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட் என்ற முறை வேரூன்றியது. ஆள் இல்லாத தீவைக் குத்தகைக்கு எடுப்பார்கள், வெளிநாட்டவர் அங்கேயே இறங்கி அங்கேயே தங்கிப் போவார்கள். மது, பன்றி இறைச்சி இரண்டையும் நாட்டுக்குள் கொண்டுவரத் தடை. ரிசார்ட்டுகளுக்கு மட்டும் தனி அனுமதி. இந்தப் பிரிவினால் ஊர்களின் பழக்கவழக்கம் காப்பாற்றப்பட்டது உண்மைதான். அதே பிரிவினால், ரிசார்ட் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் மீனவ ஊருக்குச் சுற்றுலாவால் நேரடி வருமானம் ஏறக்குறைய எதுவும் வரவில்லை. ஊர்ப் பையன்கள் வேலைக்குப் போய் மாதக்கணக்கில் ரிசார்ட்டிலேயே தங்கினார்கள். மகளை அப்படி அனுப்பப் பெரும்பாலான பெற்றோர் சம்மதிக்கவில்லை.

2008-இல் பல கட்சித் தேர்தலில் முகமது நஷீத் ஆட்சிக்கு வந்தார். அதற்கு அடுத்த ஆண்டு மக்கள் வாழும் தீவுகளிலும் கெஸ்ட் ஹவுஸ் நடத்த வழி திறந்தது. மாலேவுக்குத் தெற்கே, காஃபு அட்டோலில் (அட்டோல் என்பது பவளத் தீவுக்கூட்டம்) இருக்கும் மாஃபுஷி அதுவரை அதன் சிறைச்சாலைக்காகத்தான் நாட்டில் பேசப்பட்டது. 2010-இல் அங்கே முதல் கெஸ்ட் ஹவுஸ் வந்தது. இன்று அந்தச் சின்னத் தீவு முழுக்க விடுதிகள், டைவிங் கடைகள், ஸ்பீட் போட் டிக்கெட் விற்கும் இடங்கள். பல மாடிக் கட்டடங்கள் வீடுகளின் முற்றத்தை எட்டிப் பார்க்கின்றன. கரையிலிருந்து சற்றுத் தள்ளி நங்கூரமிட்ட படகுகளில் மது கிடைக்கும். விருந்தினரைச் சின்னப் படகில் ஏற்றிப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். சட்டப்படி ஊரில் மது இல்லை, ஊரின் கண்ணெதிரே இருக்கிறது.

உடை விஷயத்தில் இந்தத் தீவுகள் கண்டுபிடித்த வழி பிகினி பீச். ஊரின் ஓரத்தில் ஒரு துண்டுக் கடற்கரையைத் தென்னங்கீற்றுத் தட்டியாலோ புதர்களாலோ மறைத்து, வெளிநாட்டவர் அங்கே மட்டும் நீச்சலுடையில் இருக்கலாம் என்று பலகை வைத்தார்கள். மற்ற இடங்களில் தோளும் முழங்காலும் மறைய உடுத்த வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் சங்கடம் இல்லாத ஏற்பாடு என்பதால் தீவுக்குத் தீவு அது பரவியது.

இப்போது கோலாலம்பூரிலிருந்தோ ஜித்தாவிலிருந்தோ காயல்பட்டினத்திலிருந்தோ ஒரு குடும்பம் இதே தீவுக்கு வருகிறது என்று வையுங்கள். கணவன், மனைவி, பதினைந்து வயது மகள், ஒரு சின்னப் பையன், கூடவே பாட்டி. சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. தொழுகைக்கான பாங்கு கேட்கிறது, பள்ளிவாசல் நடை தூரம். கழிப்பறையில் தண்ணீர்க் குழாய் இருக்கிறது. இதெல்லாம் ஐரோப்பாவுக்குப் போகும்போது அவர்கள் தேடித் தவிக்கும் விஷயங்கள், இங்கே கேட்காமலே கிடைக்கின்றன. ஆனால் இவ்வளவு செலவழித்து வந்தது கடலுக்காக. பிகினி பீச்சுக்குக் குடும்பத்தோடு போக முடியாது. ஊர்க் கடற்கரையில் இளைஞர்கள் பந்து விளையாடிக் கொண்டிருப்பார்கள், படகுகள் வந்து போகும். கணவனும் பையனும் தண்ணீரில் குதிக்கிறார்கள். தாயும் மகளும் பாட்டியும் கரையில் பை, செருப்புகளைப் பார்த்துக் கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். உடலை மறைக்கும் நீச்சலுடையான புர்கினி போட்டு இறங்கும் பெண்கள் உண்டு. ஆண்கள் பார்க்கும் இடத்தில் நனைந்த உடையோடு எழுந்து வரக் கூச்சப்படும் பெண்கள் அதைவிட அதிகம்.

முஸ்லிம் தீவு ஒன்று, பிகினி போடுபவர்களுக்குத் தட்டி கட்டிக் கொடுத்தது, பர்தா அணிபவர்களுக்குக் கட்டவில்லை. தட்டி அதே தட்டிதான். யாரை மனதில் வைத்துக் கட்டுகிறோம் என்பதில்தான் வித்தியாசம். ஹலால் சுற்றுலா என்று ஒரு தீவு சொல்ல விரும்பினால், பெண்களுக்கு மட்டுமான கடற்கரைதான் அதன் முதல் முதலீடாக இருக்க வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

அதைச் சரியாகச் செய்யக் கொஞ்சம் யோசனை வேண்டும். பவளப்பாறைக்கு உட்புறமாக, ஆழமும் இழுப்பும் இல்லாத பகுதியாகப் பார்க்க வேண்டும். படகுத்துறை வாயிலுக்குப் பக்கத்தில் கூடாது. அங்கே படகும் வரும், நீரோட்டமும் இருக்கும். பருவம் மாறும்போது அலை வரும் பக்கமும் மாறும் என்பதால் ஊர் மீனவர்களைக் கேட்காமல் இடம் குறிக்கக் கூடாது. இயற்கையாக இருக்கும் தாழையையும் கரையோரப் புதர்களையும் வெட்டாமல் விட்டாலே பாதி மறைப்பு கிடைத்துவிடும், கரை அரிப்பும் குறையும். கடல் பக்கம் மிதவைகள் கட்டி, அதைத் தாண்டிப் படகு வரக் கூடாது என்று ஊர்க் கவுன்சில் விதி போட வேண்டும். ட்ரோன் தடையும் அதே விதியில் இருக்கட்டும். வாசலில் ஃபோனை வாங்கி வைக்க ஓர் அலமாரி. உள்ளே உடை மாற்றும் அறை, நல்ல தண்ணீர்க் குழாய், குழந்தைகளுக்கு நிழல். உயிர்காக்கும் பயிற்சி பெற்ற இரண்டு பெண்கள் எப்போதும் இருக்க வேண்டும். இதில் மட்டும் சமரசம் கூடாது. முதன்முறை கடலில் இறங்கும் பெண்கள் நிறைய வருவார்கள், நீச்சல் தெரியாதவர்களாக இருப்பார்கள். ஒரே ஓர் அசம்பாவிதம் நடந்தாலும் ஓர் உயிரும் போகும், அதன் பின் அந்தத் தீவுக்கு யாரும் வரமாட்டார்கள்.

இடத்துக்குத் தட்டுப்பாடு இருந்தால் நேரத்தைப் பிரிக்கலாம். சுபுஹு என்ற அதிகாலைத் தொழுகைக்குப் பிறகு இரண்டு மணி நேரம், அஸர் என்ற பிற்பகல் தொழுகைக்குப் பிறகு மஃரிப் என்ற அந்தித் தொழுகை வரை என்று ஒரு கடற்கரையைப் பெண்களுக்கு ஒதுக்கினாலும் போதும். முக்கியமாக, அது ஊர்ப் பெண்களுக்கும் கட்டணமில்லாமல் திறந்திருக்க வேண்டும். விருந்தினருக்காகக் கட்டியதில் ஊர்க்காரிக்கு இடமில்லை என்றால் ஊரில் கசப்பு வளரும், வளர்வதும் நியாயம். மாலத்தீவுத் தீவுகளில் பெண்கள் மேம்பாட்டுக் குழுக்கள் இருக்கின்றன. 2019-இல் திருத்தப்பட்ட சட்டப்படி உள்ளாட்சி மன்றங்களில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு. இந்தக் கடற்கரையை நடத்தும் பொறுப்பும் நுழைவுக் கட்டணமும் அவர்களிடம் இருந்தால் அதில் வேலை, வருமானம், கண்காணிப்பு மூன்றும் பெண்கள் கைக்குப் போகும். ஸ்னார்க்கலிங் படகிலும் இதே யோசனையைப் பின்பற்றலாம். ஒரு குடும்பத்துக்கு மட்டும் ஒரு பயணம், தண்ணீருக்குள் கூட வருவதற்கு ஒரு பெண் வழிகாட்டி. இதற்குச் சற்று அதிகம் கொடுக்கத் தயாராக இருக்கும் குடும்பங்கள் நிறைய.

முடிவு யார் கையில் என்ற இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன். இந்தோனேசியாவின் லொம்போக் ஆயிரம் பள்ளிவாசல் தீவு என்று பெயர் பெற்றது. 2015-இல் அபுதாபியில் உலகின் சிறந்த ஹலால் சுற்றுலாத் தலம் என்ற விருதை வாங்கியது. அடுத்த ஆண்டே மாகாண அரசு ஹலால் சுற்றுலாவுக்கென்று தனி விதிமுறை கொண்டு வந்தது. அதே மாகாணத்தில், லொம்போக் கரையிலிருந்து சிறிது நேரப் படகுப் பயணத்தில் கிலி திராவாங்கான் என்ற குட்டித் தீவு இருக்கிறது. அது இரவு விருந்துகளுக்கும் மதுக்கடைகளுக்கும் பெயர் போனது. அங்கே வாழ்பவர்களும் முஸ்லிம்கள்தான். விருதும் விதிமுறையும் மேலிருந்து வந்தன. எந்தத் தீவில் எது நடக்கும் என்பதை முன்பே வந்து இறங்கிய முதலீடு தீர்மானித்திருந்தது.

தாய்லாந்தின் பாங்ஙா வளைகுடாவில், புக்கெட்டுக்கும் கிராபிக்கும் நடுவே இருக்கும் கோ யாவ் நொய் வேறு கதை. முஸ்லிம் மீனவர்கள் அதிகம் வாழும் தீவு. பெரிய இழுவைப் படகுகள் தங்கள் மீன்வளத்தை அழிப்பதைத் தடுக்க அவர்கள் ஒன்று சேர்ந்து போராடினார்கள். அந்த ஒற்றுமையிலிருந்துதான் ஹோம்ஸ்டே சுற்றுலா பிறந்தது. விருந்தினர் மீனவர் வீட்டில் தங்குவார், அவர்களோடு மீன்பிடிக்கப் போவார், அவர்கள் சமைப்பதைச் சாப்பிடுவார். விருந்தினர்களை முறை வைத்து வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுத்தார்கள். வருமானத்தில் ஒரு பகுதி பொது நிதிக்குப் போனது. வீட்டில் மது கூடாது, உடையில் அடக்கம் வேண்டும் என்பவை முதலிலேயே சொல்லப்பட்ட நிபந்தனைகள். 2002-இல் அவர்களுக்கு உலக அளவிலான விருதும் கிடைத்தது. பிறகு அந்தத் தீவிலும் ஆடம்பர ரிசார்ட் வந்தது, எல்லாம் பழையபடி இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதல் விருந்தினர் வரும் முன்பே ஊர் கூடி விதி எழுதியது, அது இன்றைக்கும் பின்பற்றத்தக்க முன்மாதிரி.

உங்கள் தீவும் அதைத்தான் செய்ய வேண்டும். மொத்தம் எத்தனை படுக்கைகள் என்று ஓர் உச்ச வரம்பு போடுங்கள். ஆயிரம் பேர் ஊரில் ஒரே இரவில் நூறு விருந்தினருக்கு மேல் தங்கினால், தெருவில் யார் விருந்தினர் யார் ஊர்க்காரர் என்ற சமநிலை மாறிவிடும் என்பது என் கணிப்பு. பள்ளிவாசலின் உயரத்தைத் தாண்டிக் கட்டடம் கூடாது என்பது போன்ற எளிய விதி பல தலைவலிகளை முன்பே தடுக்கும். ஊர்க்காரர் வீட்டை நகரத்து முதலீட்டாளருக்குப் பத்து, பதினைந்து வருடக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு மாத வாடகையோடு ஒதுங்கிக் கொள்வது எல்லாச் சுற்றுலாத் தீவிலும் நடக்கும். பணமுடையில்தான் அப்படிச் செய்கிறார்கள். வட்டிக்கு வாங்க மனமில்லாததும் ஒரு காரணம். எனவே வட்டியில்லா நிதி இந்தத் திட்டத்தின் நடுவே இருக்க வேண்டும். மாலத்தீவில் இஸ்லாமிக் வங்கி 2011-இல் வந்துவிட்டது. அப்படி வங்கி இல்லாத இடத்தில் கூட்டுறவாகப் பங்கு சேர்க்கலாம், லாபத்தைப் பங்குப்படி பிரிக்கலாம். வட்டிக் கடனில் கட்டி, வெளிநாட்டுத் தொழிலாளியின் சம்பளத்தை மூன்று மாதம் இழுத்தடிக்கும் விடுதியில் இறைச்சி மட்டும் ஹலாலாக இருந்தால் போதாது. வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் இது. மாலத்தீவில் கெஸ்ட் ஹவுஸ் வேலைகளில் வங்கதேசத் தொழிலாளிகள் ஏராளம். அவர்கள் தங்கும் அறையும் உங்கள் ஹலால் கணக்கில் சேர வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றி மகிழ்ச்சியாகப் பேசலாம். நம் ஊர்ச் சமையலறைக்கு மாலத்தீவு அந்நியம் இல்லை. இலங்கைச் சம்பலிலும் தெற்குக் கரையோர ஊர்களின் சமையலிலும் சேரும் மாசி என்ற உலர்த்திய சூரை மீன், அந்தத் தீவுகளிலிருந்து நூற்றாண்டுகளாக வந்த சரக்கு. அங்கே காலையில் சூரை மீனை உதிர்த்து, தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சை சேர்த்துப் பிசைந்த மாஸ் ஹுனியை ரோஷி என்ற ரொட்டியோடு சாப்பிடுவார்கள். மதியம் கருதியா என்ற தெளிந்த மீன் ரசம், சாயங்காலத் தேநீருக்கு ஹெதிகா என்று பொதுப்பெயர் கொண்ட பலகாரங்கள். ஆனால் பல கெஸ்ட் ஹவுஸ்களில் விருந்தினருக்கு என்று உறைந்த கோழியும் பாஸ்தாவும் போடுகிறார்கள். எல்லாம் கப்பலில் வருபவை, காசும் கப்பலிலேயே திரும்பிப் போகிறது. ஊர்ச் சாப்பாட்டைப் போட்டால் மீனவருக்கும் வீட்டில் பலகாரம் செய்யும் பெண்ணுக்கும் அன்றைக்கே பணம் போய்ச் சேரும். அலிஃப் அலிஃப் அட்டோலின் தொட்டு தீவு தர்பூசணிக்கும் பப்பாளிக்கும் பேர் பெற்றது, நோன்புக் காலத்தில் நாடே அதன் பழத்தை எதிர்பார்க்கும். அங்கே வருபவர்கள் கடலை மட்டும் பார்ப்பதில்லை, தோட்டத்துக்குள்ளும் நடந்து போகிறார்கள்.

முஸ்லிம் பயணிக்கு மட்டும் தனியாகப் பொருள்படும் வரலாறும் இந்தத் தீவுகளில் கிடக்கிறது, அதை யாரும் அவ்வளவாக விற்பதில்லை. 1343-இல் மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா மாலத்தீவுக்கு வந்து காஜியாக, அதாவது நீதிபதியாக, இருந்தார், அப்போது ஆட்சியில் இருந்தவர் கதீஜா என்ற அரசி. அங்கிருந்து இலங்கைக்கும், பிறகு மதுரை சுல்தானின் அரசவைக்கும் அவர் வந்தது நமக்கு நெருக்கமான சங்கதி. மாலேயில் 1658-இல் கட்டிய ஹுகுரு மிஸ்கீ, செதுக்கிய பவளக் கற்களை ஒன்றோடொன்று பூட்டிக் கட்டிய பள்ளிவாசல். இதே வகைப் பழைய பள்ளிகள் தூரத்துத் தீவுகளிலும் இருக்கின்றன. வடக்கே உதீமு தீவில், 1573-இல் போர்த்துக்கீசியரை விரட்டிய முகமது தக்குருஃபானின் மரவீடு இன்றும் பராமரிக்கப்படுகிறது. உங்கள் தீவில் இவ்வளவு பெரிய பெயர்கள் இல்லாமல் போகலாம். பழைய மையவாடியின் (அடக்கத்தலத்தின்) மீசான் கற்கள், படகு கட்டும் கொட்டகை, நபி புகழ்பாடும் மௌலித் ஓதும் மரபு ஏதாவது இருக்கும். அதைச் சொல்லத் தெரிந்த ஒரு பெரியவரை உட்கார வைத்தால் ஒரு மாலைப்பொழுது நிறைந்துவிடும்.

பருவத்தை வைத்து ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. மாலத்தீவில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட வாடைக்காலம், ஐரோப்பியர் குவிவார்கள். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவமழை, விலை இறங்கும், அறைகள் காலியாக இருக்கும். வளைகுடா நாடுகளின் பள்ளி விடுமுறை அந்த மாதங்களில்தான் விழுகிறது. கொளுத்தும் வெயிலிலிருந்து தப்பி வருபவர்களுக்கு மேகமூட்டமும் மழையும் குறையில்லை. ஓமானின் சலாலாவுக்கு மழை பார்க்கவே குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். பா அட்டோலின் ஹனிஃபாரு விரிகுடாவில் மாண்டா திருக்கைகள் கூடுவதும் இந்தக் காலத்தில்தான். எனவே முஸ்லிம் குடும்பங்களைக் குறிவைப்பது ஏற்கெனவே வரும் கூட்டத்தோடு போட்டி போடாமல் காலியான மாதங்களை நிரப்பும். ரமலானில் பகலில் ஊர்ச் சாப்பாட்டுக் கடைகள் மூடியிருக்கும், சாதாரணப் பயணிக்கு அது இடைஞ்சல். நோன்பு வைக்கும் விருந்தினருக்கு ஊரோடு சேர்ந்து நோன்பு திறப்பதும், கடற்காற்றில் தராவீஹ் என்ற ரமலான் இரவுத் தொழுகைக்கு நடப்பதும் வேறெங்கும் கிடைக்காத அனுபவம். பெருநாள் ஒவ்வொரு ஆண்டும் பத்து, பதினொரு நாள் முன்னால் நகரும் என்பதால் விலைப்பட்டியலை அதற்கேற்ப முன்கூட்டியே போட வேண்டும். மாலத்தீவில் அரசுப் படகுகள் பல வழித்தடங்களில் வெள்ளிக்கிழமை ஓடுவதில்லை. அது உங்கள் ஊரிலும் அப்படியானால், முன்பதிவின்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

குப்பை விஷயத்தை விட்டுவிட முடியாது. தீவில் எறிய வேறு இடமில்லை, கடல்தான். அலிஃப் அலிஃப் அட்டோலின் உகுளஸ், வீடுவீடாகக் கட்டணம் வாங்கிக் குப்பையைப் பிரித்து ஒழுங்காகக் கையாண்ட முதல் தீவுகளில் ஒன்று. அந்தச் சுத்தமே பிறகு விருந்தினரை இழுத்தது. மாலத்தீவு அரசு வெளிநாட்டு விருந்தினரிடம் ஓர் இரவுக்குப் பசுமை வரி வாங்குகிறது. 2025 ஜனவரி முதல் ஊர்த் தீவுகளின் சிறிய கெஸ்ட் ஹவுஸ்களில் 6 டாலர், ரிசார்ட்டில் 12 டாலர். உங்கள் நாட்டில் அப்படி வரி இல்லாவிட்டாலும் ஊரே ஒரு சிறு தொகை வசூலித்து, வரவுசெலவை மாதாமாதம் ஊர்ப் பலகையில் ஒட்டலாம். தண்ணீரும் அப்படித்தான். தொழுகைக்கு முன் ஒளு செய்ய (கை, முகம், கால் கழுவ), குளிக்க, உப்பு கழுவ என்று முஸ்லிம் குடும்பம் தாராளமாகத் தண்ணீர் புழங்கும். நிலத்தடியில் மெல்லிய படலமாக மிதக்கும் நல்ல நீரை அதற்காக உறிஞ்சினால் கிணறு உப்பாகிவிடும். மழைநீர்த் தொட்டியும் கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரமும் எத்தனை பேருக்குத் தாங்குமோ, படுக்கை வரம்பை அந்தக் கணக்கிலிருந்துதான் போட வேண்டும்.

முஸ்லிமல்லாதவரை என்ன செய்வது என்று நிச்சயம் கேள்வி வரும். தாராளமாக வரட்டும். மது இல்லாத, அமைதியான, குழந்தைகளோடு போகக் கூடிய இடம் தேடுபவர்கள் எல்லா மதத்திலும் உண்டு. விதியை மட்டும் முன்பதிவுப் பக்கத்திலேயே தெளிவாகப் போட்டுவிட வேண்டும். படகிலிருந்து இறங்கிய பிறகு சொன்னால் சண்டைதான் வரும். ஒரே நாட்டை நம்பியும் இருக்காதீர்கள். 2023-இல் மாலத்தீவுக்கு அதிகம் பேர் போனது இந்தியாவிலிருந்து, 2 லட்சத்துக்கும் மேல். 2024 தொடக்கத்தில் இரு நாடுகளுக்கும் இடையே அரசியல் உரசல் வந்ததும் அந்த ஆண்டில் அது 1 லட்சத்து 30 ஆயிரம் அளவுக்கு இறங்கிவிட்டது. தீவு ஒன்றும் மாறவில்லை, கடலும் மாறவில்லை.

வரிசையாகச் சொல்லச் சொன்னால், முதல் ஆறு மாதம் ஒரு விருந்தினரையும் கூப்பிட வேண்டாம். ஊர்க்கூட்டம் போட்டு, பெண்களைத் தனியாகவும் உட்கார வைத்துக் கேட்டு, விதிகளை எழுதுங்கள். தண்ணீர், குப்பைக் கணக்கைப் பாருங்கள். பெண்கள் கடற்கரைக்கு இடம் குறித்து, ஊர்ப் பெண்கள் நான்கைந்து பேரை உயிர்காப்புப் பயிற்சிக்கு அனுப்புங்கள். அவர்கள் திரும்பி வந்ததும் ஊர்ப் பெண்களே முதலில் ஒரு பருவம் அந்தக் கரையைப் பயன்படுத்தட்டும். குறை என்னவென்று அவர்களே சொல்வார்கள். அதைச் சரிசெய்த பிறகு நான்கு, ஐந்து வீடுகளோடு தொடங்குங்கள்.